பாடபேத ஆராய்ச்சி: போடிநாயக்கனூரில் பைத்தான் நிறுவிய வரலாறு

2025 ஐப்பசியில் ஒரு மழை இரவு. போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு முன்னறையில், ‘வணக்கம்’ என்ற ஒரே ஒரு சொல்லைக் கணினித் திரையில் வரவழைக்க மூன்று தலைமுறை ஆண்கள் ஏழரை மணிக்கு உட்கார்ந்து பன்னிரண்டு மணிக்கு எழுந்தோம். கையிலிருந்த பாடம் அந்த வேலைக்கு ஒதுக்கியிருந்த நேரம் ஐந்து நிமிடம். மிச்சம் நாலு மணி இருபத்தைந்து நிமிடம் எங்கே போனது என்பதுதான் இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள்.

இத்துறையில் முன்னோர் செய்த ஆய்வுகளை நான் தேடவில்லை. தேடினால் கிடைத்துவிடும், கிடைத்தால் இதை எழுத முடியாது.

முறையான ஆய்வு என்றால் குழு, கருவி, நோக்கம் மூன்றையும் சொல்லியாக வேண்டும். குழுவில் என் அக்கா மகன், கல்லூரியில் இரண்டாமாண்டு. அடுத்து என் அப்பா. ஏலக்காய் வியாபாரத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதாக ஊரில் சொல்லிக்கொண்டு, அன்றைய சராசரி விலை காதில் விழாமல் ராத்திரிச் சாப்பாட்டில் கை வைக்காதவர். பிறகு நான், கணினி பற்றித் தெரியாது என்று ஒப்புக்கொள்ள இயலாத தாய்மாமன் பதவியில் இருப்பவன். கருவிகள்: விண்டோஸ் 7 ஓடும் எங்கள் வீட்டு மடிக்கணினி, விண்டோஸ் 10 ஓடும் இரவல் மடிக்கணினி, மாடிப்படியில் ஏழாவது படியில் மட்டும் சிக்னல் பிடிக்கும் போன். அக்கா அவ்வப்போது சுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்து, “இன்னுமா?” என்று கேட்டு ஆய்வின் கால அளவைப் பதிவு செய்தாள்.

நோக்கம் எளியது. பைத்தான் என்ற நிரல்மொழியைக் கணினியில் நிறுவி, ஏலக்காய் விலைகளை ஒரு கோப்பில் போட்டு, சராசரி கண்டுபிடித்து, ஏறி இறங்குவதைப் படமாக வரைய வேண்டும். போடியில் பிறந்த பையன் வேறு எதை வரைவான்? ஸ்பைசஸ் போர்டின் மின் ஏலம் இங்கேயும் மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் 2007 முதல் நடக்கிறது. வாயால் கூவிக் கேட்ட வியாபாரிகள் கணினி முன்னால் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிக் காய் கேட்கப் பழகிவிட்டார்கள். காய் கணினி ஏறிப் பதினெட்டு வருடம் கழித்து எங்கள் குடும்பம் ஏறப் பார்த்தது.

மூலபாடத்துக்கு வருவோம். அது ஒரு ஜெராக்ஸ் கட்டு. கல்லூரியில் சீனியர் ஒருவரிடமிருந்து ஜூனியருக்கு, அவரிடமிருந்து அவருடைய ஜூனியருக்கு என்று கைமாறி வந்தது. ஸ்பைரல் பைண்டிங், 64 பக்கம். முதல் பக்கத்தில் பிள்ளையார் படம், அதன் கீழே ‘ஆல் தி பெஸ்ட்’. ஆசிரியர் பெயர் இல்லை. தேதி இல்லை. எந்தப் பதிப்புப் பைத்தானுக்கு எழுதியது என்பது இல்லை. 31-ஆம் பக்கத்தில் சாம்பார் பட்டிருக்கிறது. இதை அனுபவமில்லாதவர்கள் ‘நோட்ஸ்’ என்பார்கள். ஆய்வு நோக்கில் பார்த்தால் இது ஒரு ஏட்டுச்சுவடி.

இப்படிப்பட்ட சுவடியை எப்படிப் படிப்பது என்பதற்குத் தமிழில் முன்மாதிரி இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன்னால், அதன் ஏட்டுப் பிரதிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, ஒரு பிரதியில் இருப்பது இன்னொன்றில் எப்படி மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டு, பாடபேதம் குறித்தார். அந்த நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையே இரண்டு பதிப்பு என்பது மரபு. முதலில் எழுதியதைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். அவர்கள் சமயத்தைக் கற்றுக்கொண்டு மறுபடி எழுதினாராம். கணினிக்காரர்கள் இதை ‘வெர்ஷன் 2’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஐயருக்குப் பல பிரதிகள் இருந்தன. எங்களுக்கு ஒரே ஒரு பிரதி. பாடபேதத்தைக் காட்டும் வேலையைக் கணினியே ஏற்றுக்கொண்டது. சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், கடைசி வரி மட்டுமே பொருள்படும்படியாக.

முதல் தடை, மூலபாடத்தைத் திறப்பதற்கு முன்னாலேயே வந்தது. எங்கள் விண்டோஸ் 7 மடிக்கணினி பைத்தானை வீட்டுக்குள்ளேயே சேர்க்கவில்லை. பைத்தான் 3.8-தான் விண்டோஸ் 7-இல் ஏறும் கடைசிப் பதிப்பு, 3.9 முதல் ஏறாது. மாப்பிள்ளை இறக்கி வைத்திருந்ததோ 3.14. அந்த அக்டோபர் 7-ஆம் தேதிதான் வெளிவந்திருந்தது. மாடிப்படி ஏழாவது படியில் போனை வைத்து, நடுவில் கரண்ட் போய், வந்து, இறக்கி முடிக்க முக்கால் மணி ஆயிற்று. மறுத்துச் சொல்ல அதற்கு மூன்று விநாடி.

“எட்டு மில்லிக் காயை ஆறு மில்லிச் சல்லடையில போட்டா எறங்குமாடா?” என்றார் அப்பா. இந்த ஆய்வில் இதைவிடச் சரியான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் சரியான விளக்கத்தை முதல் ஒரு மணி நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டால் கட்டுரை வளராது என்பதால் மேலே செல்கிறேன்.

இரவல் மடிக்கணினி விண்டோஸ் 10. அதற்கும் அதே அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்திருந்தது. அதை நாங்கள் யாரும் அதனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. 3.14 நல்லபடியாக ஏறியது. மாப்பிள்ளை கறுப்புத் திரையைத் திறந்து ‘பைத்தான்’ என்று தட்டினான். உடனே மென்பொருள் கடை திறந்துகொண்டது.

“இது ஏன்டா கடைக்குப் போகுது?” என்றார் அப்பா.

“நம்மகிட்ட இல்லைன்னு நெனைக்குது தாத்தா.”

“இப்பத்தானே வாங்கி வச்ச?”

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் முதல் நாளிலேயே பலர் கைவிட்டுவிட்டு ஓடுவது இந்த இடத்தில்தான். பைத்தான் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. ஆனால் தபால்காரருக்குச் சொல்லவில்லை. கறுப்புத் திரையில் ஒரு பெயரைத் தட்டினால் கணினி தன்னிடமுள்ள முகவரிப் பட்டியலில் மட்டுமே தேடும். அந்தப் பட்டியலுக்குப் ‘பாத்’ என்று பெயர். நிறுவும்போது முதல் ஜன்னலின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் முகவரி பட்டியலில் சேரும், போடாவிட்டால் சேராது. முன்கூட்டி டிக் போட்டு வைக்கும் பழக்கமும் கிடையாது. விண்டோஸ் தன் பங்குக்கு, முகவரி தெரியாத பைத்தானைக் கேட்டால் கடைக்கு வழிகாட்டும்படி ஓர் ஏற்பாட்டை 2019 முதல் வைத்திருக்கிறது. நல்லெண்ணம்தான். வீட்டில் இருக்கிற ஆளைக் கேட்டால், “சந்தையில் புதிதாகக் கிடைப்பார்” என்று சொல்லும் நல்லெண்ணம்.

போடியிலிருந்து மலை ஏறுகிறவர்களுக்கு முந்தல் தெரியும். அடிவாரம், சோதனைச் சாவடி. அதைத் தாண்டினால்தான் 17 கொண்டை ஊசி வளைவுகளும், போடிமெட்டுக் குளிரும், அதற்கப்பால் ஏலத் தோட்டங்களும். பாட ஆசிரியர்கள் எல்லோரும் போடிமெட்டில் நின்றுகொண்டு காட்சியை வருணிக்கிறார்கள். மாணவன் முந்தலில் ஜீப்போடு நிற்கிறான். அவனுக்கு இன்னும் மலையேற்றமே தொடங்கவில்லை. அதற்குள் தனக்கு மலை ஏறத் தெரியாது என்று முடிவு கட்டிவிடுகிறான். எங்கள் மாப்பிள்ளையும் பத்தே காலுக்கு, “எனக்கு கோடிங் வராது மாமா” என்றான். அதுவரை அவன் ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்கவில்லை.

நிறுவியதை எடுத்துவிட்டு, கட்டத்தில் டிக் போட்டு மறுபடி நிறுவி, பதினொன்றரைக்கு மூலபாடத்தின் 3-ஆம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். ‘பிரிண்ட்’ என்று எழுதி, இடம் விட்டு, மேற்கோள்குறிக்குள் ‘வணக்கம்’ எழுதச் சொல்லியிருந்தது. எழுதினோம். பிழை. ‘பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடவில்லை; அடைப்புக்குறியோடு எழுத நினைத்தீர்களா?’ என்று கேட்டது கணினி.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நமக்கு என்ன வேணும்னு அதுக்குத் தெரியுதா?”

“தெரியுது தாத்தா.”

“தெரிஞ்சும் செய்ய மாட்டேங்குதா?”

“ஆமா.”

“அப்ப அது ஆபீசர்டா” என்றார்.

அந்த அடைப்புக்குறிக்குப் பின்னால் பதினோரு வருட வரலாறு இருக்கிறது. பைத்தான் 2-இல் அடைப்புக்குறி வேண்டாம். 2008 டிசம்பர் 3-இல் வெளிவந்த பைத்தான் 3.0-இல் கட்டாயம் வேண்டும். பழையதில் எழுதியது புதியதில் ஓடாது என்று தெரிந்தே மாற்றினார்கள். உலகம் முழுக்கப் பழையதில் எழுதிக் குவித்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், அவகாசம் கேட்டார்கள், கொடுத்தார்கள், மறுபடி கேட்டார்கள். கடைசியில் 2020 ஜனவரி 1-இல்தான் பைத்தான் 2-க்கு ஆதரவு நின்றது.

இதைக் கேட்டுப் போடிக்காரர்கள் மலைக்க மாட்டார்கள். மதுரையிலிருந்து போடிக்கு 1928-இல் மீட்டர் கேஜ் ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். நிறுவு, நீக்கு, மறுபடி நிறுவு என்ற முறை கணினிக்கு முன்பே இங்கே நடைமுறையில் இருந்ததற்கு இதுவே சான்று. பிறகு 2010 கடைசியில், அகலப் பாதை ஆக்குகிறோம் என்று ரயிலை நிறுத்தினார்கள். மீட்டர் கேஜ் 1,000 மில்லிமீட்டர், அகலப் பாதை 1,676. ஏழு மில்லிக்கும் எட்டு மில்லிக்கும் நடுவே பிழைப்பு நடத்துகிற ஊருக்கு 676 மில்லி என்பது சின்ன வித்தியாசமில்லை. தேனி வரை ரயில் 2022 மே மாதம் வந்தது. போடிக்கு 2023 ஜூன் 15. பன்னிரண்டரை வருடம்.

ஆக, பைத்தான் பதிப்பு மாற எடுத்துக்கொண்டது 11 ஆண்டு, போடி ரயில் எடுத்துக்கொண்டது பன்னிரண்டரை. ஏறக்குறைய ஒரே வேகம்தான். வேறுபாடு ஒன்றே: பைத்தான்காரர்கள் புதியதையும் பழையதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார்கள். நமக்குப் பழையதை முதலில் நீக்கிவிட்டுப் புதியதை இறக்கத் தொடங்கினார்கள். இறங்கி முடியும்வரை ஊர் பஸ்ஸில் போயிற்று.

இதைவிடப் பழைய சான்று மலைக்கு மேலே இருக்கிறது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டிகளைக் கொண்டுவர 1902-இல் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஒரு சக்கரம் தண்டவாளத்தில், ஒரு சக்கரம் தரையில், இழுக்க மாடு. 1908-இல் அதைத் தூக்கிவிட்டு இரண்டடி அகல ரயில் பாதை போட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியாகக் கீழே கொட்டகுடி அடிவாரத்துக்குச் சரக்கு இறங்கும். அங்கிருந்து வண்டியில் போடிக்கு வரும். அமைப்பெல்லாம் அருமை. 1924 வெள்ளம் மேலே இருந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. கீழே ரயில் வந்து சேர்ந்தது 1928-இல். மேல் ரயிலும் கீழ் ரயிலும் ஒருநாள்கூட ஒரே காலத்தில் ஓடவில்லை. ஒரு தொகுதி தயாராகும்போது அது நம்பியிருந்த இன்னொரு தொகுதி இல்லாமல் போவதைக் கணினிக்காரர்கள் சார்புச் சிக்கல் என்பார்கள். கொட்டகுடிப் பக்கம் அதைப் பார்த்து நூறு வருடமாயிற்று.

அன்றிரவு பன்னிரண்டுக்கு ‘வணக்கம்’ வந்தது. அப்பா பதில் வணக்கம் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

மறுநாளிலிருந்து சுவடியின் காலத்தைக் கணிக்கும் வேலையில் இறங்கினேன். ஆசிரியரும் தேதியும் தெரியாத நூலுக்கு அகச்சான்றுதானே வழி? 3-ஆம் பக்கத்தில் அடைப்புக்குறியில்லாப் பிரிண்ட். ஆகவே பைத்தான் 2 காலம். ஆனால் 22-ஆம் பக்கத்தில் மேற்கோள்குறிக்கு முன்னால் ‘எஃப்’ என்ற எழுத்தைப் போட்டு, உள்ளேயே மாறியின் பெயரை எழுதும் முறை வருகிறது. அது 2016 டிசம்பரில் வந்த 3.6-க்கு முன்னால் கிடையாது; பைத்தான் 2-இல் எந்தக் காலத்திலும் கிடையாது. 3-ஆம் பக்கமும் 22-ஆம் பக்கமும் ஒரே பைத்தானில் ஓடியிருக்கவே முடியாது. 58-ஆம் பக்கத்தில் டென்சர்ஃப்ளோ என்ற தொகுதியின் ‘செஷன்’ முறை. அது 2019 செப்டம்பரில் வந்த 2.0-இல் வழக்கொழிந்தது. இத்தனையையும் சீர்தூக்கிப் பார்த்து நான் வந்தடைந்த முடிவு: இந்நூல் ஒருவர் எழுதியதன்று. பழைய மூலம் ஒன்று. அதில் காலந்தோறும் ஒவ்வொரு சீனியரும் தத்தம் காலத்துப் பக்கங்களைச் செருகிப் போயிருக்கிறார்கள். இடைச்செருகல் சிக்கலுக்குத் தமிழில் இவ்வளவு தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. சாம்பார்க்கறை மட்டுமே மூல ஆசிரியருடையது என்பது என் துணிபு.

பதிப்பெண்களைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. கல்லூரிக் கணினியில் 3.9 இருப்பதாக மாப்பிள்ளை சொன்னான். நாங்கள் வைத்திருப்பது 3.14. “அப்ப அதுதானே பெருசு?” என்றார் அப்பா. வாழ்நாளெல்லாம் மில்லிமீட்டர் பார்த்தவருக்கு ஏழரை என்பது ஏழே காலைவிடப் பெரிது, 3.9 என்பது 3.14-ஐவிடப் பெரிது. தசமக் கணக்குப்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை. பதிப்பெண்ணில் இருக்கும் புள்ளி தசமப் புள்ளியல்ல என்பதைப் பையன்தான் விளங்க வைத்தான்: “மலையில வளைவு எண்ணுற மாதிரி தாத்தா. மூணாவது மலை, ஒம்பதாவது வளைவு. மூணாவது மலை, பதினாலாவது வளைவு.” அப்பா ஒப்புக்கொண்டார். நானும் அப்போதுதான் ஒப்புக்கொண்டேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

பெயர் மோதல் பற்றித் தனி அதிகாரமே எழுதலாம். விலைப்பட்டியலைக் கையாளப் ‘பாண்டாஸ்’ என்ற தொகுதி வேண்டும். மாப்பிள்ளை தன் நிரல் கோப்புக்கும் ஆசையாகப் ‘பாண்டாஸ்’ என்றே பெயர் வைத்துச் சேமித்தான். பாண்டாஸைக் கூப்பிட்டால் கணினி பக்கத்தில் இருக்கும் கோப்பைத்தான் முதலில் பார்க்கும். அதுவோ அவன் எழுதிய நாலு வரி. தன்னைத் தானே கூப்பிட்டு, தானே திரும்பிப் பார்த்து, ‘என்னிடம் அந்தக் கருவி இல்லையே’ என்று விழுந்தது. கோப்பின் பெயரை மாற்றிப் பாருங்கள் என்று கணினியே யோசனை சொல்லும் அளவுக்கு 3.13 முதல் முன்னேற்றம் வந்திருக்கிறது என்பதைப் பதிவு செய்கிறேன்.

போடியில் பிறந்தவனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஏலம் என்றால் இங்கே செடி. ஏலம் என்றால் விற்கும் முறை. ஏலக்காயை ஏலத்தில் விடுகிறோம். செடிப் பெயர் நம்முடையது, விற்கும் முறையின் பெயர் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. இரண்டும் ஒரே எழுத்தில் வந்து ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டன. நாம் குழம்புவதில்லை. கணினி குழம்பும். அதே ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டுப் பாருங்கள்: நான்கு என்று சொல்லும். புள்ளியைத் தனியாக எண்ணிவிட்டது. தொல்காப்பியர் பைத்தான் நிறுவாமல் போனது நல்லதே.

இதற்கிடையில் 58-ஆம் பக்கத்து டென்சர்ஃப்ளோ. 3.14 மிகப் புதிது என்பதால் அதற்கு ஏற்ற டென்சர்ஃப்ளோ அப்போது வந்திருக்கவில்லை. ‘பொருந்தும் பிரதி ஏதும் இல்லை’ என்றது கணினி. பழையதாக இருந்தாலும் ஏறாது, புத்தம் புதிதாக இருந்தாலும் ஏறாது. எங்கள் பக்கம் இதுவும் தெரிந்த கதைதான். ஞள்ளானி என்ற ஏலக்காய் ரகம் வந்த புதிதில் பழைய ரகங்களைவிட நிறையக் காய்த்தது. கூடவே உரமும் தண்ணீரும் மருந்தும் நிறையக் கேட்டது. ரகம் மாற்றினால் தோட்டத்தையே மாற்ற வேண்டும் என்று நாற்றோடு யாரும் சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

எனவே 3.12-ஐயும் நிறுவினோம். இப்போது ஒரே கணினியில் இரண்டு பைத்தான். இந்த நிலையைத் தமிழ்க் குடும்பங்கள் நன்கறியும். தொகுதிகளைக் கொண்டுவந்து சேர்ப்பது ‘பிப்’ என்ற கருவி. அது எந்தப் பைத்தானுக்குச் சேர்க்கிறது என்பதைக் கேட்காமல் விட்டால், தீபாவளிப் பலகாரத்தை மூத்தவள் வீட்டில் கொடுத்துவிட்டு இளையவள் வீட்டில் போய் “முறுக்கு எங்கே?” என்று கேட்ட கதைதான். ‘நிறுவப்பட்டது’ என்கிறது ஒரு வரி; ‘அப்படி ஒரு தொகுதியே இல்லை’ என்கிறது அடுத்த வரி. இரண்டும் உண்மை. தீர்வு: பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல், இன்ன பைத்தானின் பிப் என்று வீட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அதைவிட நல்ல தீர்வு தனிக்குடித்தனம். ஒவ்வொரு வேலைக்கும் தனியாக ஒரு சூழலை உண்டாக்கி, அதற்கு வேண்டிய பதிப்புகளை மட்டும் அதற்குள் வைத்துக்கொள்வது. அங்கே உப்புக் கூடினால் இங்கே குழம்பு கெடாது. நாங்கள் கூட்டுக்குடும்பத்துக்காரர்கள். எல்லாத் தொகுதிகளையும் ஒரே அடுப்பில் வைத்து, ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று முகத்தைத் தூக்கிக்கொள்வதைப் பத்து நாள் பார்த்தோம். உபுண்டு என்ற இயங்குதளத்தில் 2023 முதல் இதற்கு மாமியாரே வந்துவிட்டார். பொதுச் சூழலில் பிப்பைக் கொண்டு எதையாவது நிறுவப் போனால், இது வெளியாரின் பொறுப்பில் உள்ள சூழல், தனியாக அடுப்பு மூட்டிக்கொள் என்று வாசலிலேயே நிறுத்திவிடும். கோபமாக இருந்தாலும் சொல்வது நியாயம்.

அப்பாவுக்கு வேறு கருத்து இருந்தது. இத்தனை தடங்கலுக்கும் காரணம் பையனின் ஏழரைச் சனி. மகர ராசி. ஆனால் அதிலும் பதிப்புச் சிக்கல். திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் சனி கும்பத்தைவிட்டு மீனத்துக்குப் போய்விட்டார், ஏழரை முடிந்துவிட்டது. வாக்கியப்படி 2026 மார்ச் வரை கும்பத்திலேதான்; அப்போது முடிந்திருக்கவில்லை. “எந்தப் பஞ்சாங்கம் நிறுவியிருக்கிறீர்கள் அப்பா?” என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எல்லாப் பதிப்புகளிலும் ஒரே பொருள் தருவது. அடுத்த சனிக்கிழமை குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். எள் தீபம் ஏற்றிய மறுநாள் டென்சர்ஃப்ளோ ஏறியது. 3.12-க்கு மாறியதால் ஏறியதா, தீபத்தால் ஏறியதா என்பதை இந்த ஆய்வின் வரம்புக்குள் பிரித்தறிய இயலவில்லை.

கடைசித் தடை 41-ஆம் பக்கம். பட்டியலில் புதிய வரியைச் சேர்க்க ‘அப்பெண்ட்’ என்று எழுதச் சொல்லியிருந்தது. பாண்டாஸ் 2.0-இல், அதாவது 2023 ஏப்ரலில், அதை எடுத்துவிட்டார்கள், இப்போது ‘கான்கேட்’. இது ஒரு சொல் மாற்றத்தோடு போயிற்று. அதன் கீழேயே இருந்தது நிஜமான வில்லங்கம். ‘மற்றவற்றோடு பொருந்தாத எண்களைப் பிழையாகக் கருதி நீக்கவும்’ என்றது மூலபாடம். பையன் சேர்த்து வைத்திருந்த விலைகளில், 2019 ஆகஸ்ட் மாதத்தில் 7,000 என்று ஒரு எண் நின்றது. அக்கம்பக்கத்து எண்கள் எல்லாம் அதற்கு இடுப்பு உயரம். பையன் அதை நீக்கப் போனான்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “டேய், கைய எடு.”

“பாடத்துல நீக்கச் சொல்லுது தாத்தா. தப்பான நம்பர்.”

“தப்பான நம்பரா? கிலோ ஏழாயிரத்துக்குப் போச்சுடா அன்னைக்கு. புற்றடி ஏலத்துல.” மேலே கையைக் காட்டினார். “இந்த மாடி யாரு கட்டுனதுன்னு நெனச்ச? அந்த வருசம் கட்டுனது.”

நாங்கள் மூவரும் கூரையைப் பார்த்தோம். அது பொருந்தாத எண்ணாகத் தெரியவில்லை. நீக்கவில்லை.

படம் வந்தது. நடுவில் ஒரு கோபுரம், இரு பக்கமும் சமவெளி. மாறியின் பெயரைப் பையன் தமிழிலேயே ‘விலை’ என்று எழுதியிருந்தான். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொண்டது. பைத்தான் 2 ஏற்றிருக்காது. பதிப்பு மாற்றத்தால் விளைந்த நன்மைகளின் பட்டியலில் இதை முதலாவதாக வைக்கிறேன்.

பாடம் எழுதுகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம் ஊர் நகராட்சிகள் வீட்டுக் கதவில் பழைய எண், புதிய எண் என்று இரண்டையும் எழுதி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு லாட்டுக்கும் எண் உண்டு. கிராம்பு, சுக்கு பாக்கெட்டில்கூடத் தயாரித்த தேதி அச்சாகிறது. உங்கள் பாடத்துக்கும் அது போதும்: எந்தப் பைத்தான், எந்த விண்டோஸ், எந்தத் தொகுதி எந்தப் பதிப்பு, எழுதிய தேதி. மொத்தம் நாலு வரி. பிள்ளையார் படத்துக்குக் கீழே இடம் இருக்கிறது. இல்லாவிட்டால் பழசானது பாடம் என்று மாணவனுக்குத் தெரியாது. தன் மண்டையில்தான் கோளாறு என்று பத்தே காலுக்கே முடிவு கட்டிவிடுவான்.

மாப்பிள்ளை தன் ஜூனியருக்கு ஜெராக்ஸ் கட்டைக் கொடுப்பதற்கு முன்னால் 3-ஆம் பக்கத்தில் பேனாவால் அடைப்புக்குறி போட்டான். 41-ஐத் திருத்தினான். முதல் பக்கத்தில் அந்த நாலு வரியையும் எழுதினான். சாம்பார்க்கறையை அப்படியே விட்டுவிட்டான்.

இக்கட்டுரை பைத்தான் 3.12, விண்டோஸ் 10, வாக்கியப் பஞ்சாங்கம், ஏழாவது படி சிக்னல் ஆகியவற்றில் சோதிக்கப்பட்டது. தேதி: 2025 கார்த்திகை. வேறு பதிப்பில் வாசிப்பவர்களுக்கு ஒன்றிரண்டு இடத்தில் சிரிப்பு வராமல் போகலாம்.